எச்ஐவி இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை கூடுமா?

எச்ஐவி உள்ள பெண் கருவுற்றால், அந்தத் தொற்று இல்லாத கர்ப்பிணியைவிட அவருக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். சில ஆய்வுகள் அதிகம் என்றன. பல ஆய்வுகள் வித்தியாசமே இல்லை என்றன. ஒன்றிரண்டில் எச்ஐவி உள்ளவர்களிடம்தான் குறைவாக இருந்தது.

விடை இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு வைரஸ் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பெண் எந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார், அவர் உடம்பில் எவ்வளவு சதை பிடித்திருந்தது, அவருக்குச் சர்க்கரையை எந்த முறையில் பார்த்தார்கள் என்ற மூன்றையும் பொறுத்தே விடை மாறுகிறது. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மூன்றாவதுதான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை வேண்டுமென்றே மந்தமாக்குகின்றன. தாயின் தசைகள் குளுக்கோஸை உடனே இழுத்துக்கொள்ளாமல் இருந்தால்தான் குழந்தைக்குப் போதிய அளவு போய்ச்சேரும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இந்த மந்தம் வேகமாகக் கூடுகிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடுகிறது. அந்த இருப்பு குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் தாண்டாது. எனவே குழந்தை தன் சொந்த இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிப் பெருக்கிறது. 1950களில் டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் சொன்ன இந்த விளக்கம்தான் இன்றும் அடிப்படை.

இதில் எச்ஐவி எங்கே நுழைகிறது? கட்டுப்படுத்தப்படாத தொற்று உடம்பில் ஓயாத அழற்சியை வைத்திருக்கிறது. அழற்சி இன்சுலினைத் தடுக்கும். ஆகவே கொள்கை அளவில் வைரஸே சர்க்கரையை ஏற்ற வேண்டும். ஆனால் சிகிச்சை பெறாத எச்ஐவி ஆளை இளைக்கவும் வைக்கிறது. மெலிந்தவருக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க, கணக்கு ஏறக்குறைய சமனாகிவிடுகிறது. பழைய ஆய்வுகள் பலவற்றில் வித்தியாசம் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாத்திரைகளின் கதை இதைவிடத் தெளிவானது. 1990களின் நடுவில் புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்ற மருந்துக் குடும்பம் வந்தபோது எய்ட்ஸ் மரணங்கள் சரிந்தன. கூடவே, அதுவரை சர்க்கரை நோயே இல்லாத சிலருக்கு அது புதிதாக வரத் தொடங்கியது. 1997 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. சில ஆண்டுகளில் காரணமும் பிடிபட்டது. தசைச் செல்லுக்குள் குளுக்கோஸை ஏற்றிச்செல்லும் குளூட்-4 என்ற புரதத்தையே இண்டினாவிர் போன்ற மருந்துகள் அடைத்துவிடுகின்றன. இன்சுலின் வந்து தட்டினாலும் கதவு திறப்பதில்லை. ஏற்கெனவே இன்சுலின் மந்தமாக இருக்கும் கர்ப்ப காலத்தில் இது இரட்டைச் சுமை ஆகுமே என்ற பயம் எழுந்தது இயல்புதான். ஆனால் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எச்ஐவிக்கும் கர்ப்பகால நீரிழிவுக்கும் மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை. முதல் தலைமுறைப் புரோட்டியேஸ் தடுப்பான்களைப் பயன்படுத்தியவர்களிடம் மட்டும், அதுவும் நீரிழிவைக் கண்டறியக் கறாரான அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, ஆபத்து கூடியிருந்தது.

அந்தத் தலைமுறை மருந்துகள் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. இந்தியாவில் அரசு கூட்டு மருந்து சிகிச்சை மையங்களில் இப்போது முதல் வரிசை மருந்து, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளுக்கு ஒன்று. இந்த டோலுடெக்ராவிரும் கர்ப்பிணிகளிடம் சும்மா வந்து சேர்ந்துவிடவில்லை. 2018இல் போட்ஸ்வானாவில் நடந்த பிறப்புக் கண்காணிப்பு ஒன்று, கருத்தரிக்கும்போதே இதை உட்கொண்ட பெண்களின் குழந்தைகளிடம் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத நரம்புக்குழல் குறைபாடு கூடுதலாக இருக்கலாம் என்று சொன்னது. பல நாடுகள் தயங்கின. பிறப்புகளின் எண்ணிக்கை கூடக் கூட அந்த வித்தியாசம் கரைந்துபோனது. பிறகு தலைதூக்கியது எடைப் பிரச்சினை.

இந்தியா உட்பட 9 நாடுகளில் 643 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2021இல் வெளியானது. எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்ஐவி மருந்தை எடுத்தவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 0.291 கிலோ கூடினார்கள். டோலுடெக்ராவிரும் டெனோஃபோவிரின் வழக்கமான வடிவமும் எடுத்தவர்கள் 0.319 கிலோ, டோலுடெக்ராவிரோடு டெனோஃபோவிரின் புதிய வடிவத்தை எடுத்தவர்கள் 0.378 கிலோ. இதைப் பார்த்தவுடன் புதிய மருந்து எடையை ஏற்றிச் சர்க்கரையைக் கொண்டுவரும் என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே சோதனையில் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, கருவிலேயே இறப்பு போன்ற கெட்ட விளைவுகள் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள், அதிகம் எடை கூடிய குழுவில் 24 சதவீதம். மற்ற இரண்டு குழுக்களிலும் 33 சதவீதம். போதிய அளவு எடை கூடாமல் போவதும் கர்ப்பத்துக்குக் கெடுதல்தான். கர்ப்பிணியின் எடை ஏறுகிறது என்பதை வைத்து மட்டும் மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இன்னொரு பக்கம், உகாண்டாவில் டோலுடெக்ராவிருக்கு மாற்றப்பட்ட சிலருக்குச் சில மாதங்களுக்குள் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென ஏறியதாக 2020இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் என்று திரட்டப்பட்டவர்கள் அல்லர் என்றாலும், கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதற்கு அது போதும்.

மருந்துக்கு அப்பால், காலமும் மாறியிருக்கிறது. இன்று எச்ஐவி உள்ள பெண் சிகிச்சையால் நலமாக இருக்கிறார், முப்பதைக் கடந்தும் கருவுறுகிறார், உடம்பில் சதை வைத்திருக்கிறார். வயதும் எடையும் கூடினால் யாருக்கும் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடும். அதாவது, எச்ஐவி இல்லாத பெண்ணுக்கு இருக்கும் அதே ஆபத்துகள் இவருக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு வகையில் இது சிகிச்சை வெற்றிபெற்றதன் பக்கவிளைவு.

இனி, சர்க்கரையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வருவோம். கர்ப்பகால நீரிழிவுக்கு வெளியே தெரியும் அறிகுறி பெரும்பாலும் கிடையாது. தேடினால்தான் கிடைக்கும். எல்லோரிடமும் தேடுவதா, ஆபத்து இருப்பவர்களிடம் மட்டும் தேடுவதா என்பதில் நாடுகள் பிரிந்து நிற்கின்றன. தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படுவது இரண்டாவது வழி. பருமன், குடும்பத்தில் சர்க்கரை, முன்பு பெரிய குழந்தை பெற்றது, சிறுநீரில் சர்க்கரை தெரிவது போன்றவை இருந்தால் மட்டுமே குளுக்கோஸ் சோதனை. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் ஆய்வாளர்கள் இதை மாற்றி, ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் 1,900க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சோதனை செய்தார்கள். 2018இல் வெளியான அந்த முடிவின்படி 9.1 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது.

இப்போது எச்ஐவி உள்ள பெண்ணை இந்த இரண்டு முறைகளிலும் வைத்துப் பாருங்கள். ஆபத்துப் பட்டியலை வைத்து வடிகட்டும் ஊரில், மெலிந்திருக்கும் எச்ஐவி நோயாளி சல்லடையில் சிக்காமல் நழுவிவிடுவார். அவர்களுக்குச் சர்க்கரை குறைவு என்று அறிக்கை வரும். மாறாக, எச்ஐவி உள்ளவர்களை மாதந்தோறும் வரவழைத்து எல்லா ரத்தப் பரிசோதனையும் செய்யும் ஐரோப்பிய நகரத்தில், அதே நோய் அதிகமாகப் பிடிபடும். அங்கே எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளில் கணிசமானோர் ஆப்பிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள், ஒப்பிடப்படுபவர்களோ உள்ளூர்ப் பெண்கள் என்றால் குழப்பம் இன்னும் கூடும். வைரஸ் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

போதாததற்கு, எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. 2008இல் முடிவுகள் வெளியான ஹாப்போ என்ற பெரிய ஆய்வு, 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்தது. தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் சிக்கல்களும் படிப்படியாக ஏறின; இதற்கு மேல்தான் ஆபத்து என்று சொல்லும்படியான ஒரு எல்லை தெரியவில்லை. ஆகவே எல்லையை நிபுணர்கள் கூடி உட்கார்ந்து வகுத்தார்கள். வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதை ஏற்றது. அந்த 9 நாடுகளில் இந்தியா இல்லை. ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து ஒரு மையம்கூட இல்லை. கர்ப்பகால நீரிழிவும் எச்ஐவியும் சேர்ந்து வரக்கூடிய பெண்கள் அதிகம் வாழும் நிலங்களை விட்டுவிட்டு வகுத்த அளவுகோல் அது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இரண்டு நோய்களின் இந்திய வரலாறும் சென்னை மருத்துவக் கல்லூரியைத் தொட்டுச் செல்கிறது. 1986இல் அங்கே நுண்ணுயிரியல் துறையில் இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. அந்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை வளர்த்த வி. சேஷய்யாதான், இந்தியக் கர்ப்பிணிகளில் சர்க்கரை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எண்ணிக் காட்டியவர். அவரது குழு தமிழ்நாட்டில் நடத்திய கணக்கெடுப்பு 2008இல் வெளியானது. நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9. அதற்கு முன்பே, 2007இல், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழக அரசு ஆணையிட்டுவிட்டது.

சேஷய்யா முன்வைத்த முறை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாழ்க்கைக்கு ஏற்றது. வெறும் வயிற்றில் வா என்று சொன்னால், காலைப் பஸ்ஸைப் பிடித்து வரும் கர்ப்பிணி இன்னொரு நாள் வரமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடங்களுக்குள் குடிக்க வேண்டும். திகட்டும் தித்திப்பு. மசக்கை தீராதவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. அதற்குப் பிறகு எடுத்தால் சோதனை தொடரும். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு குத்து. 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு. தேசிய வழிகாட்டியும் இதையே ஏற்று, முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று என்கிறது.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. வெறும் வயிற்றுச் சோதனையோடு ஒப்பிட்டால் இது பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே நடந்த ஆய்வு சொன்னது. அதை ஒப்புக்கொண்டே நான் இந்த முறையின் பக்கம் நிற்பேன். நூறு பேருக்குச் செய்யும் சுமாரான சோதனை, பத்துப் பேருக்குச் செய்யும் துல்லியமான சோதனையைவிட அதிகம் பேரைக் கண்டுபிடிக்கும். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது, இந்தச் சோதனையில் எச்ஐவி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமே கிடையாது என்பது. இருவரும் ஒரே குளுக்கோஸைக் குடித்து ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். எச்ஐவி பரிசோதனையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. அப்படியானால் விடை இங்கேதானே கிடைத்திருக்க வேண்டும்? எண்ணிக்கை இடம் கொடுக்கவில்லை. இந்தியக் கர்ப்பிணிகளில் எச்ஐவி 0.25 சதவீதத்துக்கும் கீழே. அப்படிப்பட்ட 500 பேரை ஆய்வுக்குச் சேர்க்க இரண்டு லட்சம் கர்ப்பிணிகளைத் தேட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளில் பத்துக்கு மூன்று பேருக்கு எச்ஐவி. ஆள் அங்கே இருக்கிறார்கள், எல்லோருக்குமான சோதனை இங்கே இருக்கிறது.

சரி, ஒருவருக்கு இரண்டும் இருப்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு என்ன வேறுபாடு? உணவுக் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே வரவில்லை என்றால் மருந்து. இங்கேதான் கவனம் வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சிறுநீரகம் வெளியேற்றும் வழியை டோலுடெக்ராவிர் தடுக்கிறது. நாளுக்கு ஒரு முறை டோலுடெக்ராவிர் எடுப்பவரின் உடம்பில் மெட்ஃபார்மினின் மொத்த அளவு 79 சதவீதம் கூடுவதாக அளந்திருக்கிறார்கள். ஆகவே மெட்ஃபார்மின் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. இன்சுலினுக்கு இந்தத் தகராறு இல்லை. சர்க்கரை மருந்து எழுதும் மருத்துவருக்கு மற்ற மாத்திரை தெரிந்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

இன்னொரு மோதல் சத்து மாத்திரைகளோடு. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போடாதே, இரும்பைச் சாப்பாட்டிலிருந்து தள்ளிப் போடு என்றும் செவிலியர் சொல்லி அனுப்புகிறார். டோலுடெக்ராவிரோ, வெறும் வயிற்றில் இந்த உலோகச் சத்துகளோடு சேர்ந்தால் குடலிலேயே பிணைந்துகொண்டு ரத்தத்துக்குள் சரிவரப் போகாது. சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் தொல்லையில்லை; இல்லாவிட்டால் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். ராத்திரி படுக்கப்போகும்போது இரும்பு மாத்திரையையும் எச்ஐவி மாத்திரையையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குபவருக்கு வைரஸ் மருந்து முழுதாகப் போய்ச்சேராது. குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுப்பது அந்த மாத்திரைதான். இதோடு மெட்ஃபார்மினும் சேர்ந்தால் நேர அட்டவணை எவ்வளவு சிக்கலாகும் என்று பாருங்கள்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இவர்களிடம் நம்பக்கூடாது. கர்ப்பமே அதைக் குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவு கூட்டிக் காட்டும், ஜிடோவுடின் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவருக்கு அது மறுபடியும் குறைத்துக் காட்டும்.

இதையெல்லாம் ஒரே மருத்துவர் பார்த்தால் சிக்கல் இல்லை. ஆனால் எச்ஐவி கோப்பு கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் இருக்கிறது, சர்க்கரை அளவு தாய்சேய் நல அட்டையில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக இருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டம், சம்மதம் இல்லாமல் ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதைத் தடை செய்கிறது. தாய்சேய் நல அட்டையை மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை புரட்டுகிறார்கள். அதில் எச்ஐவி மருந்தின் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே இரண்டு இடத்துச் செய்தியையும் சுமந்துபோகும் ஒரே ஆள் அந்தப் பெண்தான். மெட்ஃபார்மினை எழுதுபவரிடம் அவர் வாய் திறந்தால்தான் உண்டு. சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டு மருந்து மையத்திலேயே சர்க்கரையைக் கேட்டுக் குறித்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பிரசவத்தின்போது இரண்டு நோய்களும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது தாய்ப்பாலில். சர்க்கரை உள்ள தாயின் குழந்தை பிறந்தவுடன், அதுவரை பழகிய இன்சுலின் மிகுதியால் அதன் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். எனவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும். எச்ஐவி உள்ள தாய், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம், அல்லது முழுக்க மாற்றுப் பால் கொடுக்கலாம். இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் ஆகாது. இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யாவிட்டால், குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிய பதற்றத்தில் யாராவது பவுடர் பாலைப் புகட்டிவிட்டு, பிறகு தாயிடம் விடுவார்கள். எட்டாம் மாதமே, எந்தப் பால் என்பது பிரசவ அறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரையின் பக்கத்திலிருந்து பார்த்தால் தாய்ப்பாலுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களில், தாய்ப்பால் கொடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவு. முறையாக மருந்து எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கியிருக்கும் தாயிடம் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலான தாய்மார்கள் சர்க்கரைப் பரிசோதனைக்குத் திரும்பி வருவதில்லை. கைக்குழந்தையோடு, தனக்காக ஒரு சோதனைக்கு யார் இரண்டு மணி நேரம் உட்காருவார்கள்? வழிகாட்டி சொல்வது ஆறாவது வாரம். எச்ஐவி உள்ள தாய்க்கோ அந்த ஆறாவது வாரம் ஏற்கெனவே குறித்துவைத்த நாள். குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் முதல் ரத்தப் பரிசோதனை அன்றுதான், முதல் ஐந்து-நோய்த் தடுப்பூசியும் அதே வாரம்தான். மற்ற எதற்கு வராவிட்டாலும் அந்த நாளுக்கு அவர் வந்துவிடுவார். குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுக்கும் அந்த மேசையில் 75 கிராம் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றையும் வைத்திருந்தால் போதும்.